"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க" என்கிற வீட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கம்யூனிட்டி போஸ்டிங்கில் பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு குடும்பத்தை கேஸ் ஸ்டடிக்கு எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு 42 வயது. வீட்டை ஒட்டியே தறிக்குடோன், நான்கு விசைத்தறி. முதல் மனைவி இறந்து ஐந்து வருடமாகிறது; அவர் மகளுக்கு 14 வயது. மூன்று வருடத்துக்கு முன் மறுமணம். இப்போதைய மனைவிக்கு 33 வயது, அவரும் முதல் கணவரிடம் விவாகரத்து வாங்கியவர். அவர் மகனுக்கு 8 வயது. இந்தத் தம்பதிக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு 16 மாதம். வீட்டுக்காரரின் அம்மாவுக்கு 67. சர்க்கரையும் பிரஷரும் உண்டு, இந்த வருடம் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். கணவனும் மனைவியும் தறியில் நிற்கும்போது குழந்தை அவரிடம்தான் இருக்கிறது. உறவைப் பற்றிக் கேட்டால் "எங்களுக்குள்ள ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டுப் பாதுகாப்புச் செக்லிஸ்ட்டை டிக் செய்து கொடுத்தேன். "மேலோட்டமாக இருக்கிறது" என்று மேடம் திருப்பிவிட்டார். மாற்றாந்தாய், மூத்த தாரத்துப் பிள்ளை என்றெல்லாம் எப்படி வாய்விட்டுக் கேட்பது? தப்பாக ஏதாவது தெரிந்தால் என்ன செய்வது?
– ஒரு மாணவி, திருப்பூர் மாவட்டம்

அன்புள்ள மாணவிக்கு,

உறவை ஒரு பக்கத்திலும் வீட்டுப் பாதுகாப்பை இன்னொரு பக்கத்திலும் எழுதியிருப்பீர்கள். இந்த வீட்டில் இரண்டும் ஒரே விஷயம். தண்ணீர் டிரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. குழந்தை அதன் பக்கத்தில் போகும்போது யார் ஓடி வருவார்கள், யார் "அவங்க பார்த்துக்குவாங்க" என்று இருந்துவிடுவார்கள் என்பது உறவைப் பொறுத்தது. ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்த குடும்பத்தில் இந்த வேலைப் பங்கீடு பேசாமலே அமைந்துவிடும். மறுமணக் குடும்பத்தில் அது அமைய மாதங்கள் போதாது, வருடங்கள் ஆகும். பெரிய மகளைக் கண்டித்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று சித்தி தயங்குவார். பையனை அதட்டினால் மனைவி மனம் நோகுமோ என்று வீட்டுக்காரர் ஒதுங்குவார். மருமகளிடம் "கொஞ்சம் குழந்தையைப் பிடி, தலை சுத்துது" என்று சொல்ல அப்பத்தாவுக்குக் கூச்சமாக இருக்கும். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி நிற்கிற அந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது. அதனால் செக்லிஸ்ட்டின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் "இதைப் பார்த்துக்கொள்வது யார்?" என்று ஒரு கட்டம் சேருங்கள். பெயர் எழுத முடியாமல் நிற்கும் கட்டங்களை உங்கள் மேடத்திடம் முதலில் காட்டுங்கள்.

ஜீனோகிராமை, அதாவது குடும்ப மரப் படத்தை, மறுபடி வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உள்ளே வயது, இறந்தவர் மேல் பெருக்கல் குறி, விவாகரத்துக்குத் திருமணக் கோட்டின் மேல் இரண்டு சாய்கோடு, பிள்ளைகள் மூத்தவர் முதல் இடமிருந்து வலமாக என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுமணக் குடும்பத்தில் மாணவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். இறந்துபோன முதல் மனைவியையும் விலகிப்போன முதல் கணவரையும் படத்திலிருந்தே விட்டுவிடுவது ஒன்று. 8 வயதுப் பையனை இப்போதைய தம்பதியின் கோட்டிலிருந்து தொங்கவிடுவது இன்னொன்று. அப்படி வரைந்தால் அப்பத்தாவின் சர்க்கரை நோய் அந்தப் பையனின் குடும்ப வரலாற்றில் ஏறிவிடும். அவனைப் பெற்ற தகப்பன் வழியில் இழுப்போ வலிப்போ இருந்தால் அது யாருக்கும் தெரியாமல் போகும். பையனின் தந்தை வழி நோய்களை அவன் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். பெரிய மகளின் தாய் எதனால் இறந்தார் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் எந்தப் பரிசோதனை தேவைப்படும் என்பதை அந்தப் பதில் மாற்றலாம். நோய் இரத்த வழியில் வரும். கவனிப்போ ஒரு கூரைக்குள் நடக்கும். எனவே இரத்த உறவை முழுக்கோட்டால் வரைந்தபின், இன்று இந்த வீட்டில் படுத்து எழுகிறவர்களைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். இரண்டும் படத்தில் இருக்க வேண்டும்.

"உங்களுக்குள் உறவு எப்படி?" என்று நேராகக் கேட்டால் நம் ஊரில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அது வீட்டு மானத்தைக் கேட்பது மாதிரி. மாற்றாந்தாய் என்ற சொல் உங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வர வேண்டாம். "பெரிய பாப்பா உங்களை எப்படிங்க கூப்பிடும்?" என்று கேளுங்கள். சித்தி, அம்மா, எதுவானாலும் அவர்கள் சொல்வதையே எழுதுங்கள். 'சித்தி' என்று கூப்பிடுவது உறவு சரியில்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. இறந்துபோன அம்மாவின் இடத்தை அப்படியே வைத்துக்கொள்ள அந்தப் பெண் எடுத்த முடிவாகவும் இருக்கலாம். பெயரோ முறையோ சொல்லாமல் "ஏனுங்", "இங்க பாருங்" என்று மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும். பையன் வீட்டுக்காரரை என்னவென்று கூப்பிடுகிறான் என்பதும் அப்படித்தான்.

அப்பத்தாவிடம் "உங்களுக்கு எத்தனை பேரக் குழந்தைங்க?" என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். வேறு பேரப்பிள்ளைகள் இல்லாத நிலையில் அவர் "ரெண்டு" என்றால் ஒரு குழந்தை கணக்கில் விடுபட்டிருக்கிறது. அந்தக் குழந்தை பசிக்கிறது என்று யாரிடம் சொல்லும், அடிபட்டால் யாரிடம் ஓடும் என்று அடுத்துப் பாருங்கள்.

நோம்பி (ஊர்த் திருவிழா) நல்ல திறவுகோல். "மாரியம்மன் நோம்பிக்குப் பிள்ளைங்க எந்த ஊட்டுக்குப் போறாங்க?" என்று கேட்டால் உறவின் பாதி வந்துவிடும். பெரிய மகளுக்கு அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டுப் போக்குவரத்து இருக்கிறதா, நின்றுவிட்டதா? இறந்த தாயின் உடன்பிறந்தவர்தான் அவளுக்குத் தாய்மாமன். அவளுடைய சீருக்கு முன் நிற்க வேண்டியவர். அந்த வீட்டோடு பேச்சு அறுந்திருந்தால் அந்தப் பெண் அம்மாவை மட்டும் இழக்கவில்லை, அம்மாவின் பக்கம் முழுவதையும் இழந்திருக்கிறாள். பையன் பெற்ற அப்பாவைப் பார்க்கப் போகிறானா, போய் வந்த இரண்டு நாள் எப்படி இருக்கிறான் என்பதையும் அவன் அம்மாவிடம் கேளுங்கள். இந்தப் பதில்களை ஈகோமேப்பில் போடுங்கள். சமூகப் பணிப் பேராசிரியர் ஆன் ஹார்ட்மன் 1975-இல் உருவாக்கிய படம் அது: நடுவில் குடும்பம், சுற்றிலும் பள்ளி, அங்கன்வாடி, அம்மிச்சி வீடு, நூல் கொடுக்கிறவர், மகளிர் குழு, கடன், கோயில். தடித்த கோடு நெருக்கம், விட்டுவிட்டுப் போகும் கோடு மெலிந்த உறவு, குறுக்குவெட்டுகள் போட்ட கோடு உரசல். குடும்பத்துக்கு ஒரே கோடாக இழுக்காமல் ஒவ்வொருவரிடமிருந்தும் தனிக் கோடு இழுத்துப் பாருங்கள். பையனிடமிருந்து எத்தனை கோடு வெளியே போகிறது என்று எண்ணினாலே அவன் எவ்வளவு தனியாக இருக்கிறான் என்று தெரியும்.

அளவுகோல் வேண்டுமென்றால் ஃபேமிலி அப்கார் போதும். கேப்ரியல் ஸ்மில்க்ஸ்டைன் 1978-இல் வெளியிட்டது, ஐந்தே கேள்விகள். பிறந்த குழந்தைக்குப் போடும் அப்கார் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். கேள்விகளை நம் பேச்சில் இப்படிக் கேட்கலாம்: கஷ்டம்னு வந்தா வீட்டுல உதவிக்கு வர்றது உங்களுக்குத் திருப்தியா இருக்குதா? வீட்டு விசயத்தை உங்ககிட்டக் கலந்து பேசறாங்களா? புதுசா ஒண்ணு செய்யோணும்னா ஒத்துக்கிறாங்களா? பாசம் காட்டறதும், நீங்க கோபப்பட்டாலோ அழுதாலோ அதைப் புரிஞ்சுக்கிறதும் எப்படி? எல்லாரும் சேர்ந்து இருக்கிற நேரம் போதுமா? ஏறக்குறைய எப்போதும் என்றால் 2, சில சமயம் 1, அரிதாகத்தான் என்றால் 0. மொத்தம் 7 முதல் 10 வரை நன்றாக இயங்கும் குடும்பம், 4 முதல் 6 வரை ஓரளவு சிக்கல், 3-க்குள் கடுமையான சிக்கல். பெரியவர்கள் மூவரிடமும் பெரிய மகளிடமும் தனித்தனியே கேளுங்கள். சராசரி எடுத்துவிடாதீர்கள். அப்பாவுக்கு 9, மகளுக்கு 4 என்று வந்தால் நடுவில் இருக்கும் 5 மதிப்பெண் வித்தியாசம்தான் செய்தி. சராசரி போட்டால் அது மறைந்துவிடும்.

தனியாகக் கேட்க எங்கே இடம் என்பீர்கள். தறி ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் கத்தித்தான் பேச வேண்டும். கத்திப் பேசினால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அப்பத்தாவிடம் பிரஷர் பார்க்கும்போது பேசுங்கள். வீட்டம்மாவிடம் குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரத்தில். பெரிய மகளிடம் உயரம், எடை பார்க்கிற சாக்கில் திண்ணையில், மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் காதுக்கு எட்டாத தூரத்தில். "பாப்பா பொறந்தப்புறம் வீட்டுல யாருக்கு வேலை ரொம்ப மாறிப்போச்சு?" என்பது போல ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும் கேள்வி, "உனக்கு என்ன கஷ்டம்?" என்பதைவிட எளிதாகப் பதிலைக் கொண்டுவரும்.

வாய் சொல்லாததை எடைக் கருவி சொல்லும். மூன்று பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் ஒரே நாளில், ஒரே கருவியில் எடுத்து வளர்ச்சி வரைபடத்தில் குறியுங்கள். சின்னவளின் மேல்கையின் நடுச் சுற்றளவையும் எடுங்கள், 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஊட்டக் குறைவு, 11.5-க்குக் கீழே கடும் ஊட்டக் குறைவு. ஒரே சட்டியில் சமைக்கிற வீட்டில் ஒரு குழந்தை மட்டும் வரைபடத்தில் இறங்கிக்கொண்டே போனால் முதலில் பூச்சி, இரத்தசோகை, நோய் என்று பாருங்கள், பிறகு பந்தி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். யார் முதலில் உண்கிறார்கள், யார் தானாகப் போட்டுச் சாப்பிடுகிறார்கள்? பெரிய மகளின் பள்ளி வருகையையும் கேளுங்கள். தறியில் அவசர வேலை வரும் நாட்களில் அவள் விடுப்பு எடுத்திருந்தால் அந்த வீட்டின் இரண்டாவது தாய் அவள்தான். பையன் ஆறு மாதத்துக்கு மேல் படுக்கை நனைக்காமல் இருந்துவிட்டு இப்போது மறுபடி நனைக்கிறான் என்றால் மனக்கலக்கம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்றும் சர்க்கரையும் இல்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்த பிறகே அந்த வழியில் யோசிக்க வேண்டும். தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். அம்மா ஒரு வீட்டைவிட்டு வந்தபோது பையனின் அட்டை அங்கேயே தங்கியிருக்கலாம். 5 வயதுக்கு மேல் போடும் டிபிடி ஊக்கத் தவணை அப்படித்தான் விட்டுப்போகிறது.

இனி வீட்டுப் பாதுகாப்பு. காலை பத்து மணிக்குப் போனால் துடைத்துவைத்த வீட்டைப் பார்ப்பீர்கள். ஒரு தடவையாவது மாலை ஐந்து முதல் ஏழுக்குள் போங்கள். பள்ளி விட்டு பிள்ளைகள் வந்திருப்பார்கள், அடுப்பு எரியும், தறி ஓடும், அப்பத்தா களைத்திருப்பார். ஆபத்து அந்த நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

அப்பத்தாவிடமிருந்து தொடங்குங்கள். அவர் விழுவதும் குழந்தையின் பாதுகாப்பும் ஒரே கணக்கு. எப்போது விழுந்தார், எந்த இடத்தில், விழுமுன் என்ன செய்தார் என்று இரண்டு தடவைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து இரத்த அழுத்தம் பாருங்கள், எழுந்து நின்ற 1-ஆவது நிமிடத்திலும் 3-ஆவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழுந்து நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்று மருத்துவ அலுவலரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையின் அளவோ நேரமோ மாறலாம். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு. பாதத்தில் உணர்ச்சி, கண் பார்வை, செருப்பின் தேய்வு, இரவில் வெளியே இருக்கும் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு, வழியில் படி, பாசி ஆகியவற்றையும் பாருங்கள்.

அதைவிட முக்கியம், காலை மாத்திரை போட்டுவிட்டு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை போட்டபின் குழந்தைக்கு ஊட்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று பதினொரு மணி வரை இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று அவர் சுவரோரம் சாய்ந்தால் அந்த நிமிடத்திலிருந்து குழந்தையைப் பார்க்க ஆளில்லை, தறிச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. இந்தச் சங்கிலியை உங்கள் கேஸ் ஸ்டடியில் கணு கணுவாக எழுதுங்கள். தீர்வு சின்னது: மாத்திரைக்கு முன்பே இட்லி தட்டில் இருக்க வேண்டும், சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், தறிக்குடோனில் விளக்கு எரிகிற மாதிரி ஓர் அழைப்பு சுவிட்சை அப்பத்தாவின் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். தறிக்கு வயரிங் செய்கிற ஆளே அதைப் போட்டுக் கொடுப்பார்.

அந்த மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் மாத்திரைகள் பெரும்பாலும் அட்டையோடு ஒரு பையில் போட்டு, ஜன்னல் கம்பியிலோ தலையணை அடியிலோ இருக்கும். 16 மாதக் குழந்தைக்கு அது கிலுகிலுப்பை. சர்க்கரையைக் குறைக்கும் அந்த வகை மாத்திரை ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் குழந்தையின் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அதுவும் உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்துத் தெரியலாம் என்பதால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனையில் ஒரு நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா, பெரியவர் நின்று எடுக்கும் உயரத்தில் பூட்டுள்ள அலமாரி, சாவி ஒருவரிடம். அந்த ஒருவர் யார் என்று குடும்பமே சொல்லட்டும்.

தண்ணீர். நல்ல தண்ணீர் பல நாளுக்கு ஒரு தடவை வரும் ஊரில் "தண்ணி புடிச்சு வெக்காதீங்க" என்று சொன்னால் அடுத்த தடவை உங்களை வீட்டுக்குள் விடமாட்டார்கள். இந்த வயதுக் குழந்தைக்கு உடல் அளவோடு பார்த்தால் தலை கனம். எட்டிப் பார்த்தால் தலைகீழாக விழும், எழத் தெரியாது, சத்தமும் வராது. இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். உயரமான, இறுகிய மூடி போட்ட, அடியில் குழாய் வைத்த டிரம்மாக இருக்கட்டும். பக்கெட்டுகளை வேலை முடிந்ததும் கவிழ்த்து வைக்கட்டும். தரைத்தொட்டியின் இரும்பு மூடிக்குப் பூட்டு வேண்டும். மாட்டுத் தாழி, தோட்டத்துக் கிணற்றின் சுற்றுச்சுவர், மூடாத ஆழ்துளைக் குழி இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். டிரம்மை வாரம் ஒரு தடவை உட்பக்கம் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். டெங்குக் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

அடுத்தது நம் பகுதிக்கே உரிய ஆபத்து: வாசல் தெளிக்கும் சாணிப் பவுடர். பெயரில்தான் சாணி. மஞ்சள் பொடியில் இருப்பது ஆரமின், பச்சைப் பொடியில் மாலகைட் கிரீன், இரண்டும் தொழிற்சாலைச் சாயங்கள். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இதனால் போன உயிர்கள் பல, அவற்றில் ஒரு கணக் கோபத்தில் போனவை அதிகம். வளரிளம் பெண்ணும் மனச்சுமையுள்ள பெரியவர்களும் இருக்கிற எந்த வீட்டிலும் இது இருக்கக் கூடாது. நேர்ப் பேச்சாகவே சொல்லுங்கள்: "வாசலுக்கு மாட்டுச் சாணியே போதும், இல்லீனா வெறும் தண்ணி தெளிச்சுக் கோலம் போடுங்க." எலி மருந்துப் பசையும் அப்படித்தான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தின்ற குழந்தை முதல் நாள் தெளிந்ததுபோல இருக்கும். ஈரல் கெடுவது இரண்டு மூன்று நாளில் தெரியும். வாந்தி எடுக்க வைக்காமல், பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு 108-க்குச் சொல்ல வேண்டும். தோட்டத்து மருந்து மீதி இருந்தால் பூட்டிய பெட்டியில், வீட்டுக்கு வெளியே. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். பெரிய மகளோ வீட்டம்மாவோ வாழ்க்கை வெறுத்துப் பேசினால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள், அங்கிருந்தே ஆசிரியரை அழையுங்கள்.

தறிக்குடோன் கதவை நன்றாகக் கவனியுங்கள். பெல்ட்டும் மோட்டாரும் மூடியில்லாமல் ஓடினால் தாவணியோ தலைமுடியோ சிக்கும், தெறிக்கும் நாடா (ஊடுநூலைச் சுமந்து ஓடும் கட்டை) கண்ணைப் பறிக்கும், பஞ்சுத் தூசி இழுப்பைக் கிளப்பும். கதவின் மேல்பக்கம், சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் தாழ்ப்பாள் வேண்டும். ஆனால் பையன் பள்ளி விட்டதும் அங்கேதான் ஓடுகிறான் என்றால் "உள்ளே விடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். வீட்டுக்காரரும் அவனும் சேர்ந்திருக்கும் ஒரே நேரம் அதுவாக இருக்கலாம். தறி நிற்கும் அரைமணி நேரத்தில் வெளியே இருவரும் சேர்ந்து நூல் கோன் பெட்டியை அடுக்கலாம், சைக்கிளுக்குக் காற்றடிக்கலாம். ஆபத்தை எடுக்கும்போது உறவையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது. இந்த வீட்டில் அது மிகவும் அருமையான பொருள்.

தூளியைப் பாருங்கள். குழந்தை தூங்காத நேரத்தில் அது பையனுக்கு ஊஞ்சல். முறுக்கிச் சுற்றும்போது கழுத்தில் இறுகி உயிர் போயிருக்கிறது. பயன்படுத்தாதபோது அவிழ்த்து வைக்க வேண்டும். முழு நிலக்கடலை 4 வயது வரை கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். காஸ் சிலிண்டர் நிமிர்ந்து, அடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். குழாயில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், 5 வருடத்தில் மாற்ற வேண்டும். கசிந்தால் 1906. மின்சாரப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். வெந்நீர் பட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம்.

இரவில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று ஒரு சின்னப் படம் போடுங்கள். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியாகவே, "பாய் எங்கங்க விரிப்பீங்க?" என்று கேட்டுவிடலாம். 14 வயதுப் பெண்ணுக்கு உடை மாற்ற மறைவு இருக்கிறதா, குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, மாதவிலக்கு நாட்களில் இரவு வெளியே போகத் துணை யார்? மறுமணக் குடும்பம் என்பதாலேயே யாரையும் சந்தேகிக்கக் கூடாது. உள்தாழ்ப்பாளைக் கேட்கத் தயங்கவும் கூடாது. குழந்தைகளிடம் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. பாலியல் தொல்லை நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தாலும், 2012-ஆம் வருடப் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. நீங்கள் துருவி விசாரிக்க வேண்டாம். பிள்ளை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு எழுதி அன்றைக்கே உங்கள் ஆசிரியரிடமும் மருத்துவ அலுவலரிடமும் கொடுங்கள். புகார் போகிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. அடி, சூடு, பட்டினி போன்ற தடயம் கண்டாலும் இதே வழி. காயத்தின் இடம், அளவு, நிறம், சொல்லப்பட்ட காரணம் நான்கையும் எழுதுங்கள்.

காகிதங்களையும் பார்க்கச் சொல்வேன். பையனின் பெயர் இந்த வீட்டுக் குடும்ப அட்டைக்கு மாறியிருக்கிறதா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு குடும்ப அட்டையை வைத்தே நடக்கிறது. பெயர் பழைய அட்டையில் கிடந்தால் மருத்துவமனை வாசலில் தெரியவரும். 1956-ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் தகப்பன், தாய் என்னும் சொற்கள் மாற்றாந் தகப்பனையும் மாற்றாந் தாயையும் குறிக்கா என்றே விளக்கம் இருக்கிறது. இந்துக் குடும்பமானால், பெரிய மகளுக்கு அறுவை சிகிச்சை என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா. பையனுக்கு அம்மா. அவசரத்தில் யார் எங்கே இருந்தாலும் கூப்பிட இரண்டு பேரின் கைபேசி எண்ணையும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையின் பின்புறம் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

கேர் பிளான் எழுதும்போது ஒரு தவறு அடிக்கடி வருகிறது. "விழும் அபாயம்", "நஞ்சு உட்கொள்ளும் அபாயம்" போன்ற அபாய வகை நர்சிங் நோயறிதலுக்கு அறிகுறி எழுதக் கூடாது. இன்னும் நடக்கவில்லை, அபாயக் காரணிகளை மட்டும் எழுத வேண்டும். உறவுப் பக்கத்துக்கு "குடும்பச் செயல்பாடுகளில் இடையூறு" என்று எழுதினால் அறிகுறி கட்டாயம்: அப்கார் மதிப்பெண் வித்தியாசம், பள்ளி விடுப்பு நாட்கள், பெயர் நிரம்பாத கட்டங்கள். நல்லதையும் எழுதுங்கள். பெரிய மகளுக்குச் சித்தி தலை பின்னிவிடுகிறார் என்றால், அதுவே பலம் என்று கேஸ் ஸ்டடியில் இடம்பெற வேண்டும்.

அடுத்த ஹோம் விசிட்டுக்கு மூன்றே வேலை வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை டப்பாவுக்குச் சாவி, டிரம்முக்கு மூடி, அப்பத்தாவின் காலைச் சாப்பாட்டு நேரம். பெரியவர்கள் மூவரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றையும் யார் ஏற்கிறார் என்று அவர்களையே பெயர் சொல்லச் சொல்லுங்கள். பெரிய மகள் பெயரை யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறாள். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல், மாலை ஐந்தரைக்குப் போய் டப்பா பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.